மனநோய்க்கு மாற்றுத்திறனாளி சான்று, மாத உதவித்தொகை: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் எங்கே தொடங்குவது?

பாம்பன்_அருள்

எல்லோருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். ஆள் ஆண், வயது 34, மனச்சிதைவு நோய். முன்பு விசைப்படகில் போனவர், இப்போது தொழில் இல்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறோம். ஆதார், ரேஷன் கார்டு இருக்கின்றன. வங்கிக் கணக்கு இல்லை.

மாதாமாதம் பணம் கிடைக்கும் என்கிறார்கள். ஒருவர் கலெக்டர் ஆபீசுக்குப் போகச் சொல்கிறார், இன்னொருவர் இ-சேவைக்கு, இன்னொருவர் தாலுகா ஆபீசுக்கு. எது முதலில்? சதவீதம் எப்படிப் போடுகிறார்கள்? "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்றுதான் பயம்.

---

சாயல்குடி_இசேவை

அருள் தம்பி, வரிசை இதுதான்: முதலில் சான்று, பிறகுதான் பணம். சான்று கொடுப்பது மருத்துவமனை. பணம் கொடுப்பது வருவாய்த் துறை. இரண்டும் தனித்தனி விண்ணப்பம். இதைக் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் வீணாக அலைகிறார்கள்.

சான்றுக்கு யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இணையதளத்தில், அதாவது ஸ்வாவ்லம்பன் தளத்தில், பதிய வேண்டும். நீங்களே செய்யலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். ஆதார், ஆறு மாதத்துக்குள் எடுத்த போட்டோ, முகவரிச் சான்று போதும். எந்த மருத்துவமனையில் பரிசோதனை என்று தேர்வு செய்யும் இடம் வரும். முடித்ததும் பதிவு எண் வரும், அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

மொபைல் எண். மையத்தில் இருப்பவர் அவசரத்துக்குத் தன் எண்ணைப் போட்டுவிடுவார். பிறகு உள்ளே நுழைய ஓடிபி அவருக்குத்தான் போகும், சான்றை இறக்கிக்கொள்ள ஒவ்வொரு முறையும் அவரைத் தேட வேண்டும். உங்கள் வீட்டு எண்ணையே கொடுங்கள். அதிலும் கடலுக்குப் போகிறவர் எண் வேண்டாம், கரையில் இருப்பவர் எண்ணாகக் கொடுங்கள்.

பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், ரேஷன் கார்டில் முன்னால், மருத்துவமனை நோட்டில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று இருந்தால் மூன்று ஆபீசிலும் நிற்கும். ஆதாரில் எப்படியோ அப்படியே மருத்துவமனைப் பதிவிலும் முதலிலேயே திருத்தச் சொல்லுங்கள்.

குறைபாட்டு வகை. "மனநோய்" என்பது ஒரு வகை, "அறிவுசார் குறைபாடு" வேறு வகை. இரண்டையும் சேர்த்து "மனநலம்" என்று சொல்லிப் பழகியதால் தவறாகத் தட்டிவிடுகிறார்கள். வகை மாறினால் அங்கே அறிவுத்திறன் சோதனைக்கு அனுப்புவார்கள், உங்கள் ஆளுக்கு அதில் குறைவே வராது, விண்ணப்பம் வீணாகும்.

2024 அக்டோபர் திருத்த விதிப்படி சான்று தர மூன்று மாதம் வரை நேரம் உண்டு. நீங்கள் பதிந்துவிட்டு இரண்டு வருடம் பரிசோதனைக்கே போகாவிட்டால் விண்ணப்பம் செத்துவிடும், மறுபடி பதிய வேண்டியதுதான்.

---

ராம்நாடு_செவிலி

"கை கால் நல்லாத்தானே இருக்கு" என்ற பயத்தை விடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. பலன் கிடைக்க 40 சதவீதம் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 40 எப்படி வருகிறது என்பது குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. தெரியாமல் போய் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, 30 என்று வந்ததும் அழுகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நோயின் பெயருக்குச் சதவீதம் கிடையாது. மனச்சிதைவு என்றால் இவ்வளவு, இருதுருவக் கோளாறு என்றால் இவ்வளவு என்று பட்டியல் இல்லை. 'ஐடியாஸ்' என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. அதில் நான்கு விஷயம் பார்ப்பார்கள்: தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 0 என்றால் குறையில்லை, 4 என்றால் முழுக்கப் பாதிப்பு. இவற்றோடு நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் சேரும்: 2 வருடத்துக்குள் என்றால் 1, 2 முதல் 5 வரை 2, 6 முதல் 10 வரை 3, 10 வருடத்துக்கு மேல் 4. ஆக மொத்தம் 20.

கூட்டுத்தொகை 1 முதல் 6 வரை என்றால் 40க்குக் கீழே. 7 முதல் 13 வரை 40–70 சதவீதம். 14 முதல் 19 வரை 71–99. 20க்கு 20 என்றால் 100.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தன் பராமரிப்பில் 0, பழக்கத்தில் 1, பேச்சில் 1, வேலையில் 2. கூட்டினால் 4. நோய் வந்து ஒன்றரை வருடம் என்று பதிவானால் 1 சேர்ந்து 5. சான்றில் 40க்குக் கீழே, பணம் இல்லை. அதே ஆள், அதே நிலை, ஆனால் எட்டு வருட நோய் என்று காகிதம் இருந்தால் 3 சேர்ந்து 7. எல்லை தாண்டியாயிற்று. எனவே வீட்டில் பழைய சீட்டு ஒன்று கிடந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்தது, கூட வருபவர். இந்த மதிப்பீட்டில் நோயாளியை மட்டும் கேட்பதில்லை, தினமும் பார்த்துக்கொள்கிறவரையும் கேட்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று காலையிலேயே குளிப்பாட்டி, சவரம் செய்து, புதுச் சட்டை போட்டுக் கூட்டி வருகிறார்கள். வெளி வேலை தெரிந்த சித்தப்பாவோ வார்டு உறுப்பினரோ கூட வருகிறார். "குளிக்கிறாரா?" "குளிக்கிறாருங்க." முடிந்தது, அந்த இடத்தில் 0.

சுத்தமாகக் கூட்டி வருவதில் தப்பே இல்லை. அழுக்காகக் கூட்டி வரச் சொல்லவில்லை. ஆனால் குளிப்பது யார் சொல்லி, எத்தனை முறை சொல்லி என்பதுதான் பதில். தானாகவே குளிப்பது ஒன்று. சொன்னால்தான் குளிப்பது, தட்டை முன்னால் வைத்துச் "சாப்பிடு" என்றால்தான் சாப்பிடுவது முற்றிலும் வேறு. பின்னது கடுமையான பாதிப்பு. அம்மாவோ மனைவியோ, யார் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாரோ அவர் வர வேண்டும்.

நான்கு தலைப்புக்கும் வீட்டில் நடப்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டு போங்கள். "கோபப்படுவார்" என்று எழுதாதீர்கள், அதிலிருந்து மதிப்பெண் எடுக்க முடியாது. "உறவினர் வந்தால் உள் அறைக்குப் போய்விடுவார், போகும் வரை வெளியே வரமாட்டார்", "கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் திரும்பிவிடுவார், மீதிச் சில்லறை எண்ணத் தெரியாது" என்று நடப்பதை எழுதுங்கள். கூட்டியும் குறைத்தும் எழுத வேண்டாம். மருத்துவருக்கு நோட்டில் வேறு பதிவு இருக்கும், இரண்டும் முட்டினால் நம்பிக்கை போய்விடும்.

---

பாம்பன்_அருள்

மிக்க நன்றி அக்கா. ஒரு கேள்வி. மாத்திரை சாப்பிட்டால் அமைதியாக இருக்கிறார். சான்றுக்கு அளக்கும் மருத்துவ போர்டுக்குப் போவதற்கு முன்னால் பத்து நாள் நிறுத்திவிட்டுக் கூட்டிப் போனால்தான் உண்மை நிலை தெரியும் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார்...

---

ராம்நாடு_செவிலி

வேண்டாம் தம்பி. தயவுசெய்து வேண்டாம். அப்படிச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மனச்சிதைவில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பிய பிறகு பழைய மாத்திரைக்கே முன்போல அடங்கும் என்று உறுதி கிடையாது. அந்தப் பத்து நாளில் ஆள் வீட்டை விட்டுப் போகலாம், பாலத்துக்குப் போகலாம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம். இன்னொன்று: நோய் முற்றிய நிலையில் கூட்டிப் போனால் சான்றே கொடுக்க மாட்டார்கள். முதலில் சேர்த்து வைத்தியம் பாருங்கள், தேறியதும் வாருங்கள் என்பார்கள். அளக்கப்படுவது முறையாக வைத்தியம் பார்த்த பிறகும் மிச்சம் நிற்கும் பாதிப்பு.

அமைதியாக இருப்பதும் வேலை செய்ய முடிவதும் ஒன்றல்ல. திண்ணையில் நாள் முழுக்க அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு வேலையில் 3 வரலாம். மாத்திரையால் வரும் தூக்கம், கை நடுக்கம், எடை கூடுவது எல்லாவற்றையும் சொல்லுங்கள், அவையும் வேலையைப் பாதிக்கின்றன.

நிலைமை கைமீறினால் 14416, டெலி மானஸ். தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள்.

---

மூக்கையூர்_கரைவலை

அக்கா சொன்ன 'வேலை' தலைப்பில் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதை விளக்குகிறேன்.

"என்ன தொழில்?" என்று கேட்டால் நம் ஆட்கள் பழக்கத்தில் "கடல் தொழில்" என்பார்கள். எழுதுபவர் 'மீனவர்' என்று எழுதிக்கொள்வார். வேலை செய்கிறவர் என்று ஆகிவிடும். "கடல் தொழில் செய்தவர், இத்தனை வருடமாகப் படகில் ஏறுவதில்லை" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் பரிசோதனை வந்தால் "இப்ப வேலைக்குப் போறாரா?" "இல்லைங்க, தடைக்காலம்" என்று வாயில் வந்துவிடும். கேட்பவருக்கு, தடை முடிந்தால் போவார் என்றுதான் அர்த்தம். தடைக்கு முன்னாலும் போகவில்லை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கரையில் செய்வதையும் பிரித்துச் சொல்லுங்கள். சொந்தக்காரர் இரக்கப்பட்டுக் கரைவலை இழுக்கக் கயிற்றில் நிறுத்துவார், பங்கில் பாதியோ கால்வாசியோ கொடுப்பார். அது முழு வேலை அல்ல. முன்பு என்ன பங்கு, இப்போது என்ன பங்கு, மாதத்தில் எத்தனை நாள், யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா, இந்த நான்கையும் சொன்னால் வேலையில் எவ்வளவு குறைந்தது என்று தெளிவாகத் தெரியும்.

பெண்களுக்கும் இதே மாதிரி. பாசி எடுக்கப் போனவர், கருவாடு காயப்போட்டவர் என்றால் அந்த வருமானம் நின்றதைச் சொல்லுங்கள். "வீட்டில் இருக்கிறார்" என்று மட்டும் சொன்னால் இல்லத்தரசி என்று எடுத்துக்கொண்டு வீட்டு வேலையை வைத்து அளப்பார்கள். அப்படி அளந்தாலும் தப்பில்லை, ஆனால் சமைப்பது யார், தண்ணீர் பிடிப்பது யார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்று சொல்லியாக வேண்டும்.

லித்தியம் (இருதுருவக் கோளாறுக்குக் கொடுக்கும் மருந்து) சாப்பிடுகிறவர்கள் கவனம்: வெயிலில், வாந்தியில் உடம்பு நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகும். தங்குகடலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கும் தொழிலுக்கு) அனுப்பக்கூடாது என்று மருத்துவர் சொன்னால் அதை நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். உயிருக்கும் பாதுகாப்பு, வேலை செய்ய முடியாததற்கும் ஆதாரம்.

---

கீழக்கரை_லாத்தா

காலக் கணக்குக்கு என்னென்ன காகிதம் செல்லும் என்று சேர்த்துச் சொல்கிறேன்.

ஓபி நோட்டு, உள்நோயாளி டிஸ்சார்ஜ் சம்மரி, தனியார் மருத்துவரின் மருந்துச் சீட்டு, மாதம் ஒருமுறை போடும் நீண்டகால ஊசியின் அட்டை. க்ளோசபின் சாப்பிடுகிறவர்களுக்கு வெள்ளையணு எண்ணிக்கைப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் வரிசையாக இருக்கும், அது மிக வலுவான ஆதாரம். மற்ற மருந்துகள் கேட்காத நோய்க்குத்தான் அந்த மருந்தே கொடுப்பார்கள் என்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியும். லித்தியம் அளவு ரிப்போர்ட்டும் அப்படியே. மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைக்கு வரும் நாளில் மருந்து வாங்கியிருந்தால் அங்கேயும் பதிவேடு இருக்கும்.

நம் வீடுகளில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மருந்துக்கடை பில் ஆறு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். இன்றைக்கே எல்லாவற்றையும் போன் கேமராவில் எடுத்து, தேதி வரிசையில் நகலெடுத்து வையுங்கள்.

காகிதம் தொலைந்துவிட்டது என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. மருத்துவமனைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பழைய ஓபி எண் நினைவிருந்தால் அதையும், இல்லாவிட்டால் தோராயமான மாதம், வருடத்தையும் எழுதுங்கள்.

முதல் சில வருடங்கள் ஆஸ்பத்திரிக்கே போகாமல் ஏர்வாடி தர்காவில் தங்கியவர்கள் நிறைய. அந்தக் காலம் கணக்கில் வராது என்று விட்டுவிடாதீர்கள். நோய் தொடங்கிய காலம்தான் கேள்வி, மருந்து தொடங்கிய காலம் அல்ல. முதல் சீட்டு எழுதியபோதே "எத்தனை வருடமாக" என்று மருத்துவர் கேட்டு நோட்டில் குறித்திருப்பார். அந்த முதல் பக்கத்தைத் தேடுங்கள். தர்காவில் துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கொடுக்கும் மனநலச் சிகிச்சைப் பிரிவில் பார்த்திருந்தால் அந்தச் சீட்டும் செல்லும்.

நோயாளியைக் கட்டி வைத்ததைச் சொல்லப் பயந்து மறைக்கிறார்கள். சொல்லுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியோடு 28 உயிர்கள் கருகிப்போயின. இப்போது 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது, இனி கட்டக்கூடாது. ஆனால் கட்டும் அளவுக்கு நிலைமை போனது என்று மருத்துவருக்குத் தெரியாவிட்டால் மருந்தும் சரியாக வராது, மதிப்பீடும் சரியாக வராது.

அடுத்து, கல்யாணப் பேச்சும் வெளிநாட்டு வேலையும் கெட்டுவிடும் என்று சான்றே வாங்காமல் இருக்கும் குடும்பங்களுக்கு: இந்தச் சான்றை ஊரில் யாரும் தேடி எடுத்துப் பார்க்க முடியாது. நோய் விவரத்தை ரகசியமாக வைப்பது அதே சட்டத்தின் 23ஆம் பிரிவில் உரிமை. சான்று வாங்கினால் ஓட்டுரிமை போகும், சொத்து போகும் என்பதும் தவறு. நீதிமன்றம் தீர்ப்பாகச் சொன்னால் தவிர வாக்காளர் பட்டியலிலிருந்து யாரும் பெயரை எடுக்க முடியாது.

---

சாயல்குடி_இசேவை

இப்போது பணம். சான்று இணையத்தில் ஏறியவுடன் அதை இறக்கி அச்செடுத்தே விண்ணப்பிக்கலாம், அட்டை தபாலில் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அட்டை நிறம் தெரிந்துகொள்ளுங்கள்: 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குக் கீழ் வரை மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம்.

வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 18 வயதும் 40 சதவீதமும் வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாய். 80 சதவீதத்துக்கு மேல், வறுமைக்கோட்டுக்குக் கீழே என்றால் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் சேர்ப்பார்கள். மத்திய அரசு பங்கு அதில் வரும், ஆனால் தமிழ்நாட்டில் கையில் வருவது அதே தொகைதான். எதில் போட்டார்கள் என்று சண்டை போட வேண்டியதில்லை.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வேறு திட்டம். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, 75 சதவீதத்துக்கு மேல் கடும் பாதிப்பு போன்ற பிரிவுகளுக்கானது. ஒரே ஆள் இரண்டையும் வாங்க முடியாது. மனநோய்ச் சான்று வைத்திருப்பவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு வருவாய்த் துறைதான்.

இ-சேவையில் கேன் எண் (அங்கே ஒருமுறை பதிந்தால் கிடைக்கும் எண்) போட்டு விண்ணப்பம் ஏறும். ஆதார், ஸ்மார்ட் கார்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், போட்டோ, சான்று. பிறகு விஏஓ, வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று போகும்.

நிற்கும் இடம் பெரும்பாலும் விஏஓ விசாரணை. வீட்டுக்கு வரும்போது ஆள் இருக்க வேண்டும். "இருப்பிடத்தில் இல்லை" என்று எழுதிவிட்டால் தள்ளுபடி. விண்ணப்பித்ததும் நீங்களே போய் விஏஓவைப் பார்த்து எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நோயாளி வெளியாளைக் கண்டால் ஒளிந்துகொள்வார் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

---

தொண்டி_கரை

ஏர்வாடியில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் வெளி மாவட்டத்துக்காரர் என்றால்? சான்று எங்கே, பணம் எங்கே?

---

திருவாடானை_வக்கீல்

சான்று இரண்டு இடத்தில் வாங்கலாம்: முகவரிச் சான்றில் உள்ள மாவட்டத்தில், அல்லது அந்தக் குறைபாட்டுக்கு வைத்தியம் பார்க்கும் அரசு மருத்துவமனையில். விதியிலேயே இருக்கிறது. மதுரை ராஜாஜி மருத்துவமனையில் பல வருடம் பார்த்த ராமேஸ்வரத்துக்காரர் அங்கேயே கேட்கலாம், அவர் கோப்பு அங்கேதான் தடிமனாக இருக்கும். பணம் மட்டும் குடியிருக்கும் தாலுகாவில். ஏர்வாடியில் தங்கியிருக்கும் தென்காசிக்காரருக்குத் தென்காசியில்தான்.

நோயாளி தானே விண்ணப்பிக்க இயலாத நிலை என்றால் சட்டப்படியான பாதுகாவலர் விண்ணப்பிக்கலாம்.

மறுத்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். "இல்லைன்னுட்டாங்க" என்று வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். முடிவு வந்த 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு. மேல்முறையீட்டில் "ஏழைக் குடும்பம், கருணை காட்டுங்கள்" என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், அதனால் மதிப்பெண் கூடாது. எந்தத் தலைப்பில் எது பதிவாகாமல் போனது என்று எழுதுங்கள்: "நோய்க் காலம் 2 ஆண்டுக்குள் எனக் கணக்கிடப்பட்டுள்ளது, 2015ஆம் ஆண்டின் மருந்துச் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது", "தினமும் பராமரிக்கும் தாயாரிடம் விசாரிக்கப்படவில்லை". இந்த மாதிரி இரண்டு வரி போதும்.

ஓய்வூதிய விண்ணப்பம் தள்ளுபடியானால் காரணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள். "ஆதரிக்க உறவினர் உள்ளனர்" என்று எழுதியிருந்தால் அந்த உறவினர் தனி ரேஷன் கார்டா, அவருக்கே என்ன வருமானம் என்ற விவரத்தோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்ற கவலை வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100க்கு அழைக்கலாம்.

---

மூக்கையூர்_கரைவலை

இந்தச் சான்றில் கிடைக்காதவற்றையும் சொல்லிவிடுங்கள். புரோக்கர்கள் இதை வைத்துத்தான் காசு பிடுங்குகிறார்கள்.

---

திருவாடானை_வக்கீல்

சரிதான் அண்ணே. ரயில் சலுகை அறிவுசார் குறைபாட்டுக்கு உண்டு, மனநோய்க்கு இல்லை. நிராமயா காப்பீடும், ஆட்சியர் தலைமைக் குழு வழியாகப் பாதுகாவலர் நியமனமும் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வருபவை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இவற்றுக்கு மட்டும். மனநோய்க்கு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கிடைப்பவை: சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் இலவசம். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் மனநோயும் சேரும் ஒரு சதவீதப் பிரிவு உண்டு. நோய் கட்டுப்பட்டுப் படித்த பிள்ளைகள் இதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: அப்பாவோ அம்மாவோ அரசு ஊழியரா, ரயில்வேயா? அப்படியானால் மனநோயால் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு அவர்கள் காலத்துக்குப் பிறகு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் வரும், 25 வயதோடு நிற்காது. 1,500ஐ விடப் பல மடங்கு. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே சான்றைக் கொடுத்துப் பிள்ளையின் பெயரைப் பதிவு செய்துவிட வேண்டும். அவர்கள் போன பிறகு நோய் எப்போது தொடங்கியது என்று நிரூபிப்பது மிகவும் கடினம். மண்டபம், பாம்பன் பக்கம் ரயில்வே குடும்பங்கள் இதை உடனே கவனியுங்கள்.

---

பாம்பன்_அருள்

வங்கிக் கணக்கு பற்றி யாராவது சொல்லுங்கள். "மனநோய் என்றால் கோர்ட் ஆர்டர் வேண்டும்" என்று ஒரு கிளையில் சொல்கிறார்களாம். சான்று ஒருமுறை வாங்கினால் போதுமா?

---

திருவாடானை_வக்கீல்

கோர்ட் ஆர்டர் தேவையில்லை. 2016 சட்டத்தின் 13ஆம் பிரிவு தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் வங்கிக் கடன் உள்பட எல்லா நிதி வசதிகளையும் பெறவும் சம உரிமை தருகிறது. கையெழுத்து போடத் தெரிந்து, கேட்டால் பெயர் விவரம் சொல்லும் வயது வந்தவருக்குச் சாதாரண ஜன்தன் கணக்கு திறக்கலாம். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் அதோடு திறந்துவிடுவார்கள். கணக்கு அவர் பெயரில்தான் இருக்க வேண்டும், அம்மா பெயர் கணக்குக்கு ஓய்வூதியம் வராது.

மனநலச் சட்டத்தில் 'நியமிக்கப்பட்ட பிரதிநிதி' என்று ஒருவரை எழுதி வைக்கலாம். அது வைத்திய முடிவுகளுக்கு மட்டும். அதைக் காட்டிப் பணம் எடுக்க முடியாது. நோயாளியால் முடிவெடுக்கவே இயலாத நிலை என்றால் 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் கேட்க வேண்டும், அதற்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உதவும்.

---

சாயல்குடி_இசேவை

கணக்கு திறந்த அன்றே ஆதாரை இணைத்து, மானியம் வரும் கணக்காக அதையே குறிக்கச் சொல்லுங்கள். வெறும் இணைப்பு போதாது, இரண்டும் தனி.

சான்று பற்றி: மனநோய்க்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான், செல்லுபடி தேதி அச்சிட்டிருக்கும். அந்தத் தேதி தாண்டினால் ஓய்வூதியம் நிற்கும், நின்ற மாதங்களின் பணம் திரும்ப வருவது சிரமம். மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கப் பதியுங்கள், மருத்துவமனைக்கு அவ்வளவு அவகாசம் உண்டு என்பதால். தடைக்காலத்தில் தேதி விழுகிறது என்றால் ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள்.

---

ராம்நாடு_செவிலி

புதுப்பிக்க வரும்போது இடைப்பட்ட காலத்தின் ஓபி நோட்டு முழுவதையும் கொண்டு வாருங்கள். நடுவில் எட்டு மாதம் மாத்திரை வாங்கவே வரவில்லை என்று நோட்டு காட்டினால் முதலில் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வேறு மருத்துவரிடம் பார்த்திருந்தால் அந்தச் சீட்டு, வாங்காமலே விட்டிருந்தால் என்ன காரணம் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.